உப்புநீர் மீன்தொட்டியின் மூடி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

சென்னையில் வீடுகளிலும் மருத்துவமனை வரவேற்பறைகளிலும் உள்ள உப்புநீர்த் தொட்டிகளைப் பராமரித்து வருகிறேன். மீன் செத்துவிட்டது, தண்ணீர் சுடுகிறது, விளக்கு எரியவில்லை என்று வருகிற அழைப்புகளில் கணிசமானவை கடைசியில் மூடியில் போய்த்தான் முடிகின்றன. மூடி என்பது ஒரு பலகைதானே என்று கிடைத்ததை வெட்டி வைத்துவிடுகிறோம். ஆனால் மீனை உள்ளே நிறுத்துவது, வெப்பத்தை வெளியே விடுவது, வெளிச்சத்தைக் கீழே அனுப்புவது, உப்புத் தெறிப்பு விளக்கில் படாமல் காப்பது ஆகிய நான்கு வேலைகளையும் அது ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வதே வழக்கமாக நடப்பது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

தொட்டியிலோ மூடியிலோ கை வைக்கும் எந்தச் சோதனையானாலும் முதல் வேலை ஒன்றுதான். தொட்டிக்குப் போகும் எல்லாப் பிளக்குகளையும் உலர்ந்த கையால் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. வயரிங்கில் லைனும் நியூட்ரலும் மாறியிருக்கும் வீடுகளில், அணைத்த பிறகும் விளக்கின் உள்ளே மின்சாரம் இருக்கும்.

## அறிகுறி: எண்ணிப் பார்த்தால் ஒரு மீன் குறைகிறது

தரையில் தேடுவதற்கு முன், மேல்நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியையும், அந்த நீர் போய்ச் சேரும் வடிகட்டித் தொட்டியான சம்பில் உள்ள ஃபில்டர் பையையும் பாருங்கள். வெளியே குதித்துவிட்டதாக முடிவுகட்டிய மீன் அங்கே நிதானமாக நீந்திக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கும் இல்லையென்றால் ஸ்டாண்டுக்கு அடியிலும் தொட்டிக்குப் பின்னாலும் டார்ச் அடித்துத் தேட வேண்டும். ஒரு வீட்டில் மூன்று நாளாகக் காணாமற்போயிருந்த ஃபயர்ஃபிஷ்ஷை எறும்புச் சாரிதான் காட்டிக்கொடுத்தது. சாரி சுவரோரமாகப் போய் ஸ்டெபிலைசருக்கு அடியில் நுழைந்தது. அங்கே மீன் கருவாடாகக் கிடந்தது. அது மூடி போட்ட தொட்டிதான். வயர் போவதற்காக மூலையில் வெட்டிவிட்டிருந்த, இரண்டு விரல் நுழையும் இடைவெளிதான் அதற்கு வாசலாகியிருந்தது.

### மூடி இருந்தும் மீன் போயிருந்தால்

மூடியின் ஓரத்தைச் சுற்றிலும் சுண்டுவிரலை ஓட்டிப் பாருங்கள். வயர் போகும் வெட்டு, தீனி போடும் துளை, சம்பிலிருந்து நீரைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் குழாய் ஏறி வரும் மூலை, ஓவர்ஃப்ளோ பெட்டியின் மேல்வாய் ஆகிய நான்கு இடங்களில் ஒன்றில்தான் பெரும்பாலும் வழி இருக்கும். ராஸ், ஃபயர்ஃபிஷ், ஜாஃபிஷ், கோபி வகைகளுக்கு மூடியின் நடுப்பகுதியைவிட மூலைகளே பழக்கமான பாதை. விரட்டப்படும் மீன் கண்ணாடியோரமாகவே மேலே ஏறும். இடைவெளியை வலைத்துண்டால் அடைத்து, வயருக்கு மட்டும் ஒரு கீறல் விட்டால் போதும். பெரும்பாலான மீன்களை 6 மி.மீ. கண்ணுள்ள வலை நிறுத்திவிடும். ஒல்லியான சிறு கோபிகளுக்கு 3 மி.மீ. வேண்டும்.

### மூடியே நகர்ந்திருந்தால்

விலாங்கு வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். விலாங்கு மூடியை முட்டித் தள்ளும். எடை வைப்பதைவிட நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கொக்கி போடுவது நல்லது, ஏனென்றால் கண்ணாடி மூடியின் மேல் வைக்கும் எடையே பின்னர் விரிசலுக்குக் காரணமாகிறது.

### எல்லாம் அடைத்தும் மீன் மூடியில் மோதும் சத்தம் கேட்டால்

விளக்கு ஒரே நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். முழு வெளிச்சத்திலிருந்து சட்டென்று இருட்டு கவியும்போதுதான் மீன்கள் மிரண்டு பாய்கின்றன. எல்இடியில் டைமர் வசதி இருந்தால் கடைசி அரை மணி நேரம் படிப்படியாக மங்கும்படி அமைக்கலாம். இல்லாவிட்டால் அறை விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்டாலே போதும். அதற்குப் பிறகும் மோதினால், தொட்டிக்குள் எந்த மீன் எதை விரட்டுகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அது மூடியால் தீரும் சிக்கல் அன்று.

## அறிகுறி: மூடி போட்ட பிறகு தண்ணீர் சூடாகிறது

சித்திரை, வைகாசி மாதங்களில் எனக்கு வரும் அழைப்புகளில் இதுவே அதிகம். உப்புநீர் மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இதமானது. 30 டிகிரியைத் தாண்டினால் நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் போகும்போது, 100 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ 6 டிகிரி குளிரவைக்கும் அளவுக்கு வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. முழுக் கண்ணாடியால் வாயை அடைத்துவிட்டால் இந்த இலவசக் குளிரூட்டி நின்றுபோகிறது.

முதல் சோதனை இப்படி. ஒரு நாள் மூடியை வைத்தபடியே பிற்பகல் இரண்டு மணிக்கும் விளக்கு அணைந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மூடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொசுவலையை இறுக்கிக் கட்டி, அதே நேரங்களில் மீண்டும் குறியுங்கள். இரண்டு நாளும் அறை ஏறத்தாழ ஒரே வெக்கையாக இருக்க வேண்டும். ஒரு நாள் ஏசி ஓடி மறுநாள் ஓடாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

### வலை கட்டிய நாளில் ஒரு டிகிரிக்கு மேல் குறைந்தால்

குற்றவாளி மூடியேதான். விளக்குக்கு நீர்க்காப்புத் தரம் இருந்தால் நிரந்தரமாக வலை மூடிக்கு மாறுங்கள். அல்லது பின்பாதியில் வலையும் விளக்குக்குக் கீழான முன்பாதியில் கண்ணாடியும் வையுங்கள். நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று வீசும் 12 வோல்ட் சிறு விசிறி ஒன்றைச் சேர்த்தால் இன்னும் இரண்டு டிகிரி வரை இறங்கக்கூடும். கடற்கரையோரப் பகுதிகளில் காற்று பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும் இரவுகளில் விசிறி அவ்வளவாக வேலை செய்யாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

### வலை கட்டியும் குறையாவிட்டால்

விளக்கின் வெப்பத்தைப் பாருங்கள். தொட்டியின் வாயிலேயே உட்காரும் பழைய ட்யூப் பெட்டிகள் அடுப்பைப் போலச் சுடும். அவற்றை 20, 30 செ.மீ. உயர்த்தித் தொங்கவிடுவதில் பாதிச் சிக்கல் தீரும். அடுத்தது தண்ணீருக்குள்ளேயே ஓடும் பம்புகள். அவை எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் தண்ணீரில் வெப்பமாகத்தான் சேர்கிறது. இவை இரண்டும் இல்லையென்றால் அறைதான் காரணம். அப்போது சில்லர் என்ற நீர் குளிரூட்டும் கருவியை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதன் அளவைத் தொட்டியின் கொள்ளளவை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல், அறை வெப்பநிலையையும் பம்புகளின் வாட் அளவையும் சேர்த்துக் கணக்கிடத் தெரிந்தவரை அழைத்துக் கேளுங்கள்.

வெப்பம் ஏறிவிட்ட அவசரத்தில் பனிக்கட்டியை நேராகத் தொட்டியில் போடக் கூடாது. மூடிய பாட்டிலில் உறைய வைத்த நீரை மிதக்கவிட்டு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி: மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

மூடியைத் திறந்துவிட்டு, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு குலுங்கும்படி செய்யுங்கள். கால் மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கினால் காற்றுப் பரிமாற்றக் குறைவுதான் காரணம். மின்வெட்டின்போது இந்த அறிகுறி தெரிந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. மூடியை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைப் போடுங்கள்.

மின்சாரம் இருக்கும்போதே வாய் திறந்தால், அல்லது காலை நேரத்தில் பிஹெச் அளவு 7.8க்குக் கீழே போயிருந்தால், மூடிக்கு அடியில் கரியமில வாயு தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு டம்ளர்களில் தொட்டி நீரை எடுத்து, ஒன்றைத் தொட்டி உள்ள அறையிலும் மற்றதை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, இரண்டிலும் ஒரு மணி நேரம் குமிழி விடும் காற்றுக்கல்லை ஓடவிட்டு, பிஹெச் அளந்து பாருங்கள்.

இரண்டு டம்ளரிலும் அளவு கூடினால் குறை மூடியில்தான். காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள். வெளியே வைத்த டம்ளரில் மட்டும் கூடினால் மூடி நிரபராதி. கதவும் ஜன்னலும் சாத்தி ஏசி ஓடும் அறையின் காற்றே கெட்டிருக்கிறது. அப்போது, காற்றுக் குமிழிகளால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவியான ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவைப்பது நல்ல பலன் தரும். இரண்டிலுமே கூடாவிட்டால் நீரின் காரத்தன்மையை (ஆல்கலினிட்டி) பரிசோதிக்க வேண்டும். இரண்டு டம்ளர் வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது. இருந்தும் மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன் இதைச் செய்பவர்கள் குறைவு.

## அறிகுறி: அக்ரிலிக் மூடி வளைந்து மூலைகள் எழும்புகின்றன

அக்ரிலிக் நீரை உறிஞ்சும். அடிப்பக்கம் எப்போதும் ஈரமாகவும் மேற்பக்கம் உலர்ந்தும் இருப்பதால், அடிப்பக்கம் மட்டும் ஊதித் தகடு தண்ணீரை நோக்கித் தொப்பை போடுகிறது. நான்கு மூலையிலும் மீன் போகும் அளவுக்கு இடைவெளி விழுகிறது.

தகட்டை எடுத்துத் துடைத்து, சமதளமான மேசையில் வைத்து, மேலே ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். வளைவு சிறிதாக இருந்தால் தலைகீழாகத் திருப்பி வைத்து, வாரம் ஒருமுறை இப்படி மாற்றிக்கொண்டே வரலாம். 60 செ.மீ. அகலத்துக்கு 3 மி.மீ. தகடு போட்டிருந்தால் திருப்பிப் போடுவதால் பயனில்லை; 6 மி.மீ. தகடும் நடுவில் ஒரு தாங்குபட்டையும் வேண்டும். பாலிகார்பனேட் இதைவிடக் குறைவாகவே வளையும், ஆனால் புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு இல்லாத தகடு விளக்கின் அடியில் நாளடைவில் மஞ்சளாகிவிடும். விளக்குக்கு நேர்கீழே அக்ரிலிக்கைப் பரிந்துரைப்பதை நான் விட்டுவிட்டேன். எடை குறைவு என்பதைத் தவிர அதில் வேறு இலாபம் தெரியவில்லை.

அக்ரிலிக்கை ஸ்பிரிட் கொண்டோ, அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் கொண்டோ துடைத்தால் முடி முடியாகக் கீறல் விழும். வெறும் நீரும் மெல்லிய துணியும் போதும்.

## அறிகுறி: கண்ணாடி மூடியில் விரிசல்

விரிசல் போன வழியைப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் பிரிந்திருந்தால் ஏதோ விழுந்திருக்கிறது அல்லது அழுத்தியிருக்கிறது. தீனி டப்பாவை மூடியின் மேல் வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. விளிம்பில் நேராகத் தொடங்கி, பின்னர் நெளிந்து நெளிந்து உள்ளே போயிருந்தால் அது வெப்பத்தால் வந்த விரிசல்; சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் தெறித்திருக்கிறது, அல்லது விளக்கு ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கியிருக்கிறது.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. ஒரு மருத்துவமனைத் தொட்டியில் ஆறு மாதத்துக்குள் இரண்டு மூடிகள் ஒரே மூலையில் உடைந்தன. கண்ணாடிக் கடையைத் திட்டிவிட்டு மூன்றாவதை வைக்கப் போனபோது, அந்த மூலையில் தாங்கு விளிம்பின் மேல் அரிசி அளவுக்கு உப்புக் கட்டி இறுகிப்போயிருந்தது கைக்குத் தட்டுப்பட்டது. அகலக் கண்ணாடியின் பாரம் முழுவதும் அந்த ஒரே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து மூடி வைக்கும் முன் விளிம்பைச் சுற்றிலும் வெந்நீர்த் துணியால் துடைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

புதுக் கண்ணாடி வாங்கும்போது விளிம்புகளைத் தேய்த்து மழுங்கவைத்துத் தரச் சொல்லுங்கள். நகத்தால் வருடிப் பார்த்துச் சில்லு பெயர்ந்திருந்தால் வாங்காதீர்கள். 60 செ.மீ. வரை 4 மி.மீ. தாங்கும், அதற்கு மேல் இரண்டு துண்டாக்கி நடுவில் தாங்கல் கொடுப்பதே நல்லது. சூடான விளக்கு என்றால், சூடேற்றி வலுவாக்கிய டஃபன்ட் கண்ணாடிக்குப் போகலாம். ஆனால் டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், வயர் மூலை, குழாய் மூலை எல்லாவற்றையும் முதலிலேயே அட்டையில் வெட்டி அளவு கொடுத்துவிட வேண்டும்.

### மெட்டல் ஹாலைடு விளக்கு இருந்தால்

இருமுனை மெட்டல் ஹாலைடு பல்புக்கு வெளிக்குமிழ் கிடையாது. விளக்குப் பெட்டியின் முன்கண்ணாடிதான் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. அதில் விரிசல் இருந்தால், தொட்டிக்கு மூடி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விளக்கை எரிக்காதீர்கள். அது மீனுக்கு மட்டுமல்லாமல் பார்த்து நிற்பவரின் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு. அந்தக் கண்ணாடியை விளக்குத் தயாரிப்பாளரின் உதிரிபாகமாகத்தான் மாற்ற வேண்டும்.

### விரிசல் மூடியில் இல்லாமல் தாங்கு பட்டையில் இருந்தால்

தொட்டியின் முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைதான். நீர்மட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, தொட்டி ஒட்டுபவரை உடனே அழையுங்கள். சிலிக்கான் தடவி நாள் கடத்துவது ஆபத்து.

## அறிகுறி: மூடி, வயர், விளக்கு எங்கும் உப்புப் பூத்திருக்கிறது

குமிழி வெடிக்கும் இடத்தைத் தேடுங்கள். காற்றுக்கல், நீர்மட்டத்துக்கு மேலே கொட்டும் ரிட்டர்ன் குழாய், சம்பிலுள்ள ஸ்கிம்மர் ஆகியவையே முதல் காரணங்கள். குழாய் வாயை நீருக்குள் இரண்டு செ.மீ. அமிழ்த்தினாலே பெரும்பகுதி நின்றுவிடும். அடுத்தது, மூடி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பது; அடியில் கோக்கும் நீர்த்துளிகள் உள்ளே விழாமல் விளிம்பு வழியாக வெளியே கசியும். மூடி தொட்டியின் வாய்க்கு உள்ளே அமர்ந்திருக்க வேண்டும், மேலே கவிழ்ந்திருக்கக் கூடாது.

இதற்குப் பிறகு செய்ய வேண்டிய சோதனையை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வயரையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் தொட்டியிலிருந்து பிளக் வரை உருவிப் பாருங்கள். காகிதம் ஈரமானால், நீர் வயரைப் பிடித்துக்கொண்டே பிளக்கை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலேறிப் பிளக்கைச் சேர வேண்டும்; வடியும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடந்தால் சுவரில் தூக்கி மாட்டுங்கள்.

### ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆனால்

ஆர்சிசிபி என்பது மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. விளக்கைச் செருகும்போது விழுந்தால் மூடியின் பங்கு அதில் உண்டு: உப்புத் தெறிப்பு விளக்கின் உள்ளே போயிருக்கிறது. ட்யூப் விளக்கானால் ஹோல்டரில் பச்சையாகக் களிம்பேறியிருக்கும். அதைச் சுரண்டி மீண்டும் போடாமல் ஹோல்டரையே மாற்ற வேண்டும். ஐபி 67 போன்ற நீர்க்காப்புத் தரம் இல்லாத எந்த விளக்குக்கும் தண்ணீருக்கும் இடையில் கண்ணாடி இருந்தே தீர வேண்டும். வெறும் வலை அதற்குப் போதாது.

### ஆர்சிசிபியே இல்லை என்றால், அல்லது நீரைத் தொட்டால் கை சுருக்கென்றால்

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இடையில் நீங்கள் செய்து பார்க்க எதுவுமில்லை. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபியைத் தொட்டிக்குப் போகும் இணைப்பில் போடச் சொல்லுங்கள். மின்சுமை மிகும்போது விழும் எம்சிபி இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது.

## அறிகுறி: பவளமும் அனிமோனும் வெளிறுகின்றன அல்லது சுருங்குகின்றன

மூடியில் படிந்த உப்பும் பாசியும் வெளிச்சத்தை விழுங்குகின்றன. சுத்தமான சாதாரணக் கண்ணாடிகூடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடுத்துவிடும். வெள்ளை வினிகரும் நீரும் சரிபாதி கலந்து துடைத்து, நல்ல நீரில் அலசி வையுங்கள். ஆனால் பல மாத அழுக்கை ஒரே நாளில் துடைத்துவிட்டு, அதே உயரத்தில் அதே நேரம் விளக்கை எரித்தால், மங்கிய ஒளிக்குப் பழகிப்போன உயிர்கள் வெந்துபோகும். விளக்கை உயர்த்தியோ நேரத்தைக் குறைத்தோ தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

## அறிகுறி: மீன்கள் நலம், இறாலும் நண்டும் மட்டும் சாகின்றன

மூடியின் கீல், திருகு, வலைச்சட்டம் ஆகியவற்றைப் பாருங்கள். பித்தளையிலிருந்து கரையும் செம்பும் கால்வனைஸ் கம்பி வலையிலிருந்து இறங்கும் துத்தநாகமும் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு. நைலான் திருகும் பிளாஸ்டிக் வலையும் போதும். அலுமினியச் சட்டம் பரவலாகப் பயன்படுகிறது. அதில் வெள்ளைப் பொடி பூக்கத் தொடங்கினால் தண்ணீரில் உதிர்வதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

உலோகம் எதுவுமே இல்லையென்றால் கொசுமருந்தைச் சந்தேகிக்கலாம். கொசு ஸ்பிரேக்களிலும் திரவக் கொசுவிரட்டிகளிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் இறாலை முதலிலும் மீனை அடுத்தும் கொல்லும். வலை மூடி அதைத் தடுக்காது. தெருவில் கொசுப்புகை அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, அறைக் காற்றை உள்ளே இழுக்கும் காற்று மோட்டாரையும் ஸ்கிம்மரையும் அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். வேவ்மேக்கர் மட்டும் ஓடட்டும்.

## அறிகுறி: வலைக்கு மாறியதும் நீர்மட்டம் வேகமாக இறங்குகிறது

இது பழுதன்று, குளிர்ச்சிக்குக் கொடுக்கும் விலை. ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை உப்புநீரால் நிரப்புவது புதியவர்கள் செய்யும் தவறு. ஆர்ஓ நீரால்தான் நிரப்ப வேண்டும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025ஐ ஒட்டி நிற்கிறதா என்று முதல் இரண்டு வாரம் நாள்தோறும் பாருங்கள். கையால் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை என்றால் மிதவையுடன் தானாக நிரப்பும் கருவி ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

## மூடியை மாற்றுவது என்று முடிவாகிவிட்டால்

விளக்கு தொட்டிக்கு மேலே எட்டித் தொங்குகிறது, நீர்க்காப்புத் தரமும் உண்டு என்றால் வலை மூடி. விளக்கு தொட்டியின் வாயிலேயே அமர்கிறது என்றால் விளிம்பு தேய்த்த கண்ணாடி, பின்பக்கம் ஒரு கை அகலத்துக்கு வலை. இந்த ஊர் வெக்கைக்கு முழுக் கண்ணாடியைச் சில்லர் உள்ள தொட்டிக்கு மட்டுமே சொல்வேன். அளவெடுக்கும்போது தொட்டியின் வாயை ஒரே இடத்தில் அளக்காமல் இரு முனையிலும் நடுவிலும் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொண்டு, அதிலும் 3 மி.மீ. குறைத்துச் சொல்லுங்கள், கையால் ஒட்டிய தொட்டிகளில் மூன்று அளவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். புது மூடி போட்ட முதல் இரவு விளக்கு அணைந்த பிறகு, ஒரு டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தொட்டியருகே உட்கார்ந்து, மீன்கள் எந்த மூலையில் மேலே ஏறிப் பார்க்கின்றன என்று கவனித்து, அந்த மூலையை மறுநாள் அடைத்துவிடுங்கள்.